சிலை: ஒரு கல்லின் பெயர்

சங்கப் பாடல்களில் சிலை என்றால் வில். சிலைத்தல் என்றால் ஒலித்தல், முழங்குதல். நம் தோட்டத்து மூலையில் நிற்கும் சிலை இந்தக் குடும்பத்ததன்று. வடமொழியின் ‘சிலா’விலிருந்து வந்தது அது, அதற்குப் பொருள் வெறும் கல். சிலாசாசனம் என்றால் கல்லில் வெட்டிய ஆவணம். அகலிகை சிலையானாள் என்று கதை சொல்பவர்கள் அவள் கல்லானாள் என்றே சொல்கிறார்கள். சிலா விக்கிரகம் என்ற வழக்கில் கல் வேறு, உருவம் வேறு. பிறகு கல்லின் பெயரே உருவத்துக்கு ஆகிவிட்டது. அதன்பின் வெண்கலச் சிலை, மரச் சிலை என்று சொல்ல யாருக்கும் நா கூசவில்லை.

அப்படியானால் கற்சிலை என்பது ‘கல் கல்’ தானே என்று கேட்கலாம். அந்த இரட்டிப்பு இன்று அவசியம் என்பேன். சிமெண்டில் வார்த்ததும் ஃபைபரில் செய்ததும் சிலை என்றே விலைபோகும்போது, உளி பட்டதைப் பிரித்துக் காட்ட வேறு சொல் இல்லை.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்னும் பாறைச் சிற்பத்துக்குப் பக்கத்தில் ஒரு குரங்குக் குடும்பம் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறது. பல்லவர் காலத்தது. ஒன்று மற்றொன்றுக்குப் பேன் பார்க்கிறது. வழிபாட்டுக்கு அல்லாமல், பார்த்து மகிழ ஒரு கல்லைச் செதுக்கலாம் என்பதற்கு இதைவிட இனிய சான்று எனக்குத் தெரியாது. இன்று அதே ஊர்ப் பட்டறைகளில் தோட்டத்துக்கென்று யானையும் தாமரைத் தொட்டியும் விளக்குத்தூணும் உருவாகின்றன. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சிற்பி முதலில் கல்லைப் பார்ப்பதைவிடக் கேட்கிறார். தட்டினால் மணிபோல் கணீரென்றால் ஆண்கல். நாதம் மென்மையாக இருந்தால் பெண்கல். ஒலியே எழாவிட்டால் அலிக்கல். தெய்வ உருவங்களுக்கு முதல் இரண்டும், மற்றவற்றுக்கு மூன்றாவதும் என்பது சிற்ப மரபு. இதில் வெறும் நம்பிக்கை மட்டும் இல்லை. உள்ளே விரிசல் ஓடிய கல் அதிர்வை விழுங்கிவிடும், ஓசை மழுங்கும். வெயிலிலும் மழையிலும் நிற்கவேண்டிய தோட்டச் சிலைக்கு அந்த விரிசல்தான் எமன். நீர் அதன் வழியாகத்தான் இறங்கும். வேரில் தொடர்பில்லாத இரண்டு சொற்கள், ஒலிக்கும் சிலையும் கல்லான சிலையும், பட்டறையில் இப்படி ஒன்றாகிவிடுவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

பிறகு செங்காவியால் கோடு போட்டு உளி இறங்குகிறது. கருங்கல் உளியின் முனையை விரைவில் மழுக்கிவிடும். உலையில் காய்ச்சி அடித்து, நீரில் தோய்த்துத் திரும்பத் திரும்பக் கூராக்க வேண்டும். இயந்திரம் வந்தபின்னும் கண்ணிமையும் துதிக்கையின் மடிப்பும் கையிடமே வருகின்றன. விலையில் பெரும்பகுதி அந்தக் கைவேலைக்கான கூலி.

தோட்டத்துக்குச் சிலை வாங்கப் போனால், மென்மையான மாக்கல்லை வீட்டுக்குள் வைப்பதற்கு ஒதுக்கிவிட்டுக் கருங்கல்லைக் கேளுங்கள். பேரம் பேசுமுன் தட்டிக் கேளுங்கள். கணீரென்றால், சிற்பி சொல்லும் கூலியைக் குறைக்காதீர்கள்.