வெளியைக் கொடுத்தவர்கள்

கோயில் திருப்பணி பற்றி நம்மிடையே எழுதுகிறவர்கள் இரண்டு வகை. ஒருவர் பக்தர். அவருக்குக் கொடுத்தவன் எல்லாம் புண்ணியவான். மற்றவர் சமூக விஞ்ஞானத்தை மேலோட்டமாகப் படித்தவர். அவருக்குக் கொடுத்தவன் எல்லாம் தன் அதிகாரத்துக்கு நியாயம் தேடிக்கொண்டவன். இரண்டு பேருமே கொடுக்கப்பட்ட பொருளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. என்ன கொடுத்தான், கொடுத்த பிறகு அதில் தனக்கென்று எதை நிறுத்திக்கொண்டான் என்ற கேள்வி அவர்களுக்கு எழுவதில்லை. எனக்குச் சில காலமாக இந்தக் கேள்வி இருந்துகொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் வடலூர். ஆனால் சிதம்பரத்தைச் சொல்லாமல் வடலூரைச் சொல்ல முடியாது.

சிதம்பரத்தில் வழிபடப்படுவது வெளி; ஐந்து பூதங்களில் ஆகாசம். சிற்றம்பலத்தில் திரையை விலக்கினால் பொன் வில்வ மாலை தொங்குகிறது, வேறொன்றும் இல்லை. அதற்கு ரகசியம் என்று பெயர். இந்த ஒன்றுமில்லாததைச் சுற்றித்தான் ஆயிரம் வருஷமாகக் கல்லும் பொன்னும் குவிந்திருக்கின்றன. கூரையை மட்டும் எடுத்துக்கொள்வோம். பத்தாம் நூற்றாண்டில் முதல் பராந்தகன் பொன் வேய்ந்தான். 1114இல் முதல் குலோத்துங்கனின் தங்கை குந்தவை பொன் வேய்ந்தாள். பொற்கிண்ணமும் கண்ணாடியும் கொடுத்தாள். 1128இல் பொன் வேய்ந்ததை விக்கிரம சோழனின் மெய்க்கீர்த்தி சொல்கிறது. அவனுடைய சேனாபதி நரலோகவீரன் தானும் வேய்ந்ததாகச் சொல்கிறான். ஒரே கூரைக்கு இத்தனை பேர்! முன்னவன் வேய்ந்த பொன் என்னவாயிற்று என்று எந்தக் கல்வெட்டும் கேட்டுக்கொள்வதில்லை. குந்தவையின் கொடையைச் சொல்லும் இடத்திலேயே இன்னொரு செய்தி வருகிறது: காம்போஜ மன்னன் குலோத்துங்கனுக்குக் காட்சியாகக் காட்டிய ஒரு கல், அவன் ஆணைப்படி எதிரம்பலத்தின் முன்வரிசையில் பதிக்கப்பட்டது. அதாவது கம்போடியாவிலிருந்து வந்த கல். அது தில்லையில் ஒரு சுவருக்குள் போய் ஊமையாகிவிட்டது. குலோத்துங்கன் பெயர் மட்டும் நிற்கிறது.

நரலோகவீரனிடம் கொஞ்சம் தங்க வேண்டியிருக்கிறது. மணவிற் கூத்தன், காலிங்கராயன், அருளாகரன் என்றெல்லாம் பெயர்கள். தொண்டை நாட்டு மணவில்காரன். குலோத்துங்கனிடமும் விக்கிரமனிடமும் படை நடத்தியவன். சிதம்பரத்தில் அவன் செய்த பணிகளை வெண்பாக்களில் வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். பேரம்பலத்துக்குச் செம்பு, நூற்றுக்கால் மண்டபம், அம்மனுக்குச் சிவகாமகோட்டம், குளத்துக்குக் கல், நந்தவனம், விளக்குகள், தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதுவித்தது. கெடிலக் கரையில் திருவதிகைக் கோயிலிலும் இதே மாதிரி இன்னொரு வெண்பா வரிசை. கவிதை என்ற அளவில் இவற்றில் பெரும்பாலானவை சோர்வு தருகிறவை. ஒரு பாட்டில் மதில், அடுத்ததில் மண்டபம், ஒவ்வொன்றின் கழுத்திலும் அவன் விருதுப் பெயர் ஒன்று மாலையாகக் கிடக்கும். ஆனால் பட்டியல் என்ற அளவில் சுவாரஸ்யமானவை. ஓரிடத்தில் பட்டியல் கோயிலை விட்டு வெளியே வந்துவிடுகிறது. மாசிக் கடலாட்டுக்கு இறைவன் எழுந்தருளக் கடற்கரையில் ஒரு மண்டபமும், அங்கே போய்ச் சேர ஒரு வழியும் போட்டிருக்கிறான். அவன் செய்தவற்றில் எனக்கு உசத்தி இந்த வழிதான். சாமி வருஷத்துக்கு ஒரு நாள் போகிற வழியில் மீதி நாட்களில் யார் யாரோ நடந்திருப்பார்கள். வழியில் பெயர் நிற்காது, நடந்து நடந்து தேய்ந்துவிடும். அதனால்தான் அதையும் வெண்பாவாக்கிக் கோயில் சுவரில் வைத்தான் போலிருக்கிறது.

பெயர் விஷயத்தில் பின்னால் வந்தவர்கள் இவ்வளவு சுற்றி வளைக்கவில்லை. காடவன் கோப்பெருஞ்சிங்கன் தெற்குக் கோபுரத்துக்குச் சொக்கச்சீயன் என்று தன் விருதையே பெயராக வைத்தான். 1516இல் கிருஷ்ணதேவராயன் வடக்கு வெற்றிக்குப் பிறகு வடக்குக் கோபுரம் எழுப்பினான். அங்கே அவன் சிலையும் நிற்கிறது. இந்தக் கோபுரங்களுக்கு நடுவில், பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில், சின்னச் சின்ன நந்தவனக் கொடைகள் நிறைய வருகின்றன. பூந்தோட்டத்துக்கு இவ்வளவு நிலம், தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சோற்றுக்கும் துணிக்கும் இவ்வளவு நிலம் என்று. பூப் பறிக்கிறவன் என்ன சாப்பிடுவான் என்று யோசித்துக் கொடுத்தவர்கள் இவர்கள். நம் சரித்திரப் புத்தகங்களில் இவர்களுக்கு ஒரு அடிக்குறிப்புகூட இல்லாமல் போவது பழகிப்போன விஷயம்.

கொடுத்தவன் நினைத்தபடிதான் கொடை நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கல்வெட்டில் சந்திராதித்தவரை என்று எழுதிவிட்டு, அழித்தவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்றும் கூடவே எழுதி வைத்தார்களே, அந்த அவநம்பிக்கைக்குக் காரணம் இருந்திருக்கிறது. காலத்தில் அருகிலுள்ள உதாரணம் பச்சையப்ப முதலியார். கிழக்குக் கோபுரத் திருப்பணியோடு சேர்ந்த பெயர் அது. 1794இல் இறந்தார். கோயில் தருமங்களுக்கென்று எழுதி வைத்த பணத்தை உறவினர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். வழக்கு சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வருஷக்கணக்காகக் கிடந்தது. கடைசியில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முன்னின்று, கோயில் தருமங்களுக்கு ஒதுக்கியது போக மிஞ்சியதில் 1842இல் சென்னையில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். அதுதான் பச்சையப்பன் கல்லூரியாயிற்று. அங்கே படித்து வந்த தமிழ் எழுத்தாளர்கள் எத்தனையோ பேர். நாகரிகமான முடிவு என்று சொல்லலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவர் கொடுத்தது இதற்கல்ல என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இனி வடலூர். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த ராமலிங்கர் சென்னையிலிருந்து திரும்பிச் சிதம்பரத்தையே சுற்றிச் சுற்றி வந்தவர். ரகசியத் திரை விலகியபோது ஐந்து மாதக் குழந்தையாக இருந்த அவர் சிரித்தார் என்று கதை உண்டு. கதையை நம்ப வேண்டாம். அவருக்கும் அந்தத் திரைக்கும் தீராத விவகாரம் ஒன்று இருந்தது என்ற அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும். பிறகு கருங்குழியில் தங்கினார். 1866இல் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் பஞ்சம். பசித்தவனுக்குச் சோறு போட ஒரு சாலை வேண்டும் என்று அவர் முடிவு செய்தபோது, வடலூரைச் சேர்ந்த பார்வதிபுரம் மக்கள் 80 காணி நிலத்தை விலை வாங்காமல் எழுதிக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 106 ஏக்கர். 1867 மே 23இல் அங்கே தருமச்சாலை தொடங்கிற்று. தொடக்கத்தில் மண்சுவரும் கூரையும்தான். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

80 காணி என்பது நரலோகவீரன் மாதிரி ஒரு சேனாபதிக்கு ஒன்றுமில்லை. ஒரு கிராமத்துக்கு அது சாமானியமல்ல. மேட்டு நிலம்தானே, விளைச்சல் குறைச்சல்தானே என்று இதைச் சுருக்கிவிடுகிறவர்கள் உண்டு. மேட்டு நிலமென்றால் ஆடு மாடு மேயும், விறகு கிடைக்கும், அண்ணன் தம்பி பிரியும்போது பாகம் வைக்க ஆகும். கிராமத்தில் பயனில்லாத நிலம் என்று ஒன்று இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கொடுத்தவர்கள் பேரில் மண்டபம் எதுவும் அங்கே எழவில்லை. அவர்களைப் பாடி வெண்பாவும் இல்லை.

அதே 1867இல்தான் திருவருட்பாவும் அச்சேறியது. தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்தார். மயிலை சிக்கிட்டி சோமசுந்தர செட்டியார் செலவை ஏற்றுக்கொண்டார். புத்தகம் போடவே மனசில்லாத ஒரு கவிஞரிடம் கெஞ்சி வாங்கி, கைப்பணத்தில் போட்டார்கள். சந்தாதாரர் பட்டியலை வைத்துக்கொண்டு அடுத்த இதழுக்குக் காகிதம் வாங்க அலைகிற நம்மில் சிலருக்கு இதைப் படிக்கப் பொறாமையாக இருக்கும்.

1871 ஆனியில் அந்த நிலத்தில் சத்திய ஞானசபையின் வேலை ஆரம்பித்து, 1872 தைப்பூசத்தன்று - ஜனவரி 25 - திறந்துவிட்டார்கள். ஏழெட்டு மாதத்தில். எட்டுப் பட்டைக் கட்டடம். உள்ளே விக்கிரகம் இல்லை. ஏழு நிறத்தில் ஏழு திரை, அவற்றுக்குப் பின்னால் கண்ணாடி, தீபம். சிதம்பரத்தின் பொற்சபையும் சிற்சபையும் இங்கேயும் இருக்கின்றன. சிதம்பரம் பூர்வ ஞான சிதம்பரம், இது உத்தர ஞான சிதம்பரம் என்று பெயரிட்டது வெறும் மரியாதைக்கல்ல. முந்தையது போதவில்லை என்ற தீர்மானம் அதில் இருக்கிறது. இந்தத் தீர்மானம்தான் ஆறுமுக நாவலருக்குப் பொறுக்கவில்லை. அவரும் சிதம்பரத்தில் கொடையால் ஒரு காரியம் செய்தவர்தான். 1864இல் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை ஏற்படுத்தினார். யாழ்ப்பாணத்தார் சிதம்பரத்தில் வைத்த மடங்களுக்கும் வெட்டிய ஞானப்பிரகாசர் குளத்துக்கும் தொடர்ச்சியாக அதைப் பார்க்க வேண்டும். 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை போன இவர்கள் சண்டையை, அருட்பாவா மருட்பாவா என்று பெயர் வைத்து வம்பாகவே நாம் பேசி முடித்துவிட்டோம். ஊரார் பணத்தில் எதைக் கட்டுவது, கட்டியதற்கு யார் பொறுப்பு என்று கேட்டிருந்தால் இரண்டு பக்கத்திலும் நமக்குக் கிடைக்க வேண்டியது நிறைய இருந்தது.

சபை சின்னது. சுற்றியுள்ள நிலம் பெரியது. அதற்குப் பெருவெளி என்று பெயர். தைப்பூசத்தில் ஆறு காலம் திரை விலக்கி ஜோதி காட்டுகிறார்கள். வந்த லட்சக்கணக்கான பேரில் பெரும்பகுதி பார்ப்பது பெருவெளியில் நின்றுதான். சிதம்பரத்தில் நூற்றுக்கால், ஆயிரக்கால் என்று கல்லால் செய்த காரியத்தை இங்கே வெறும் தரை செய்துவிடுகிறது. கூட்டத்துக்கு ஒரு வாசல், ஒரு வரிசை, முன்னால் நிற்கத் தகுதியுள்ளவன் என்பதெல்லாம் தரையில் எழவில்லை. சபைக்குள்ளே போகக் கொலையும் புலாலும் தவிர்த்திருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. பெருவெளிக்கு எதுவும் இல்லை. சிதம்பரம் திரைக்குப் பின்னால் குறியாக வைத்திருந்த ஆகாசத்தைப் பார்வதிபுரத்துக் குடியானவர்கள் அளந்து, காணிக் கணக்கில் கொடுத்தார்கள் என்று சொன்னால் அது உருவகமல்ல.

வெளியைக் கொடுப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கோபுரத்தைக் கொடுத்தால் அது கோபுரமாகவே நிற்கும். அதை வேறு எதுவாகவும் ஆக்க முடியாது. காலி நிலம், பார்க்கிறவன் கண்ணுக்கெல்லாம் இன்னும் முடியாத வேலை மாதிரித் தெரியும். கொடுத்த 106 ஏக்கரில் இன்று சுமார் 70 ஏக்கர்தான் மிஞ்சியிருக்கிறது. மற்றதைப் பலர் பலவிதமாக எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியதில் வள்ளலார் சர்வதேச மையம் கட்டுவதென்று அரசு திட்டம் போட்டது. மதிப்பு ஏறக்குறைய 100 கோடி ரூபாய். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஏப்ரலில் அஸ்திவாரக் குழிகள் தோண்டியபோது பார்வதிபுரத்துக்காரர்கள் வந்து தடுத்தார்கள். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று.

அரசு தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பூசத்துக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீரும் கக்கூசும் வேண்டும், வயசானவர்கள் தங்க இடம் வேண்டும். ஆனால் அதற்கு வெளியைத்தான் தொட வேண்டும் என்பதில்லை. 100 கோடியில் ஒருவருக்கு மரியாதை செய்கிறவர்கள் அவர் எதைக் கட்டாமல் விட்டார் என்று பார்த்ததாகத் தெரியவில்லை. சிதம்பரத்தை நிர்வகிப்பது யார் என்ற நீண்ட வழக்கில் 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீட்சிதர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அங்கே எல்லோரும் கேட்டது நிர்வாகம். வடலூரில் எழுந்த கேள்வி அந்த ரகமல்ல.

இந்த வட்டாரத்தில் நிலம் கைமாறும் இன்னொரு விதமும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. பக்கத்தில்தான் நெய்வேலி. 1956இலிருந்து சுரங்கத்துக்காக ஊர் ஊராக நிலம் எடுக்கப்பட்டிருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் நின்ற வயலில் கால்வாய்க்காக இயந்திரங்கள் இறங்கின. நிலத்தை எடுக்கும்போது என்ன நடக்கும் என்று இந்தச் சீமைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் பார்வதிபுரத்தார் குழியண்டை போய் நின்றதை, எடுக்கிறார்களே என்ற பழைய பயத்தோடு சேர்த்து ஒன்றாக்கிவிடுவது சுலபம். பத்திரிகைகளில் சிலர் அப்படித்தான் எழுதினார்கள்.

இரண்டும் ஒன்றல்ல. இந்த நிலம் 1867லேயே அவர்கள் கையை விட்டுப் போய்விட்டது. இனாம் எழுதிக் கொடுத்தவன் வழிவந்தவனுக்கு அதில் சட்டப்படி என்ன பாத்தியதை என்று ஒரு வக்கீல் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். நிலத்தைத் திருப்பிக் கொடு என்று அவர்கள் கேட்கவில்லை. கொடுத்தவர்களின் பெயரை எங்காவது பொறிக்கச் சொல்லியும் கேட்கவில்லை. மையத்தை வேறு இடத்தில் கட்டிக்கொள்ளுங்கள், இதைக் காலியாக விடுங்கள் என்றுதான் கேட்டார்கள்.