கரும்புத் தோட்டத்துக்கு வந்த வாத்தியம்

அட்லாண்டிக்கின் மதேரா தீவிலிருந்து புறப்பட்ட 'ரேவன்ஸ்கிராக்' கப்பல், தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு, ஏறக்குறைய நாலு மாதம் கடலில் கிடந்து, 1879 ஆகஸ்ட் 23 அன்று ஹவாயின் ஹொனலுலு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. உள்ளே நானூறுக்கும் மேற்பட்ட போர்ச்சுக்கீசியர்கள். கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தவர்களும் அவர்களுடைய பெண்டு பிள்ளைகளும். (அதே ஆண்டு மே மாதம்தான் 'லியோனிடாஸ்' கப்பல் முதல் இந்தியக் கூலிகளை ஃபிஜியில் இறக்கியது. பின்னாளில் பாரதி பாடிய கரும்புத் தோட்டம் அங்கேதான். சர்க்கரை அந்த ஒரு வருஷத்தில் எந்தெந்த ஊர்க்காரர்களையெல்லாம் கடல் தாண்ட வைத்திருக்கிறது!)

மதேராக்காரர்களோடு 'மஷேட்' என்ற குட்டித் தந்தி வாத்தியமும் வந்தது. பயணிகளில் மூன்று பேர் மரவேலைக்காரர்கள்: மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோஸே தோ எஸ்பிரித்து சாந்து. கரும்பு வெட்டுவது அவர்களுக்குச் சரிப்படவில்லை. சில வருஷங்களில் ஹொனலுலுவில் கடை போட்டுவிட்டார்கள். மஷேட்டின் உடம்பை அந்த ஊரில் வளரும் 'கோவா' என்ற மரத்தில் செய்தார்கள். ஸ்ருதியை 'ரஜாவ்' என்ற இன்னொரு மதேரா வாத்தியத்திடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிறந்தது யுகுலேலே. வாசிப்பவரின் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தந்தி, கிட்டாரில் போலக் கனத்து ஒலிக்காமல், கீச்சென்று மேலே நிற்கும். கையை மேலிழுத்தாலும் கீழிழுத்தாலும் துள்ளலாகக் கேட்பது அதனால்தான்.

மன்னர் கலாகாவாவுக்கு இது பிடித்துப்போய் அரண்மனைக் கச்சேரியில் இடம் கொடுத்தார். 1893-இல் மன்னராட்சியைக் கவிழ்த்தார்கள், வாத்தியம் தப்பித்தது. 1915-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஹவாய் அரங்கின் பாட்டைக் கேட்ட கூட்டம் இதைப் பிடித்துக்கொண்டது. மார்ட்டின் போன்ற பெரிய கிட்டார் கம்பெனிகளே செய்து விற்க ஆரம்பித்தன.

சரிவு வந்தது பிளாஸ்டிக்கில். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்த புகழ்பெற்ற கிட்டாரை வடிவமைத்த அதே மரியோ மக்காஃபெரி, 1949 வாக்கில் பிளாஸ்டிக் யுகுலேலேயைக் கொண்டுவந்தார். லட்சக்கணக்கில் விற்றது. நல்ல வாத்தியம்தான், ஆனால் வீட்டுக்கு வீடு பொம்மைகளோடு கிடந்ததை வாத்தியம் என்று யார் மதிப்பார்கள்? பிறகு மின்கிட்டார் மோகம் வந்தது, இளைஞர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

என்னைக் கேட்டால், இதைப் பரண்மேலிருந்து இறக்கியவர்களில் வயது முதிர்ந்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் கடைசிக் காலத்தில் யுகுலேலே பைத்தியமாகவே திரிந்தார். ஏற்கெனவே பேர்பெற்றுவிட்ட ராக் பாடகர் டாம் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்ததோடு நிற்காமல், கிளம்பும்போது கார் டிக்கியைத் திறந்து நாலு யுகுலேலேகளைக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஹாரிசன் இறந்து ஓராண்டு கழித்து, 2002-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த நினைவுக் கச்சேரியில் பால் மெக்கார்ட்னி 'சம்திங்' பாட்டை யுகுலேலேயோடுதான் தொடங்கினார்.

இன்று பிரிட்டனில் ஓய்வுபெற்றவர்கள் தங்களுக்காகத் தாங்களே நடத்தும் 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழக'க் கிளைகள் பலவற்றில் யுகுலேலே குழு இருக்கிறது. காரணம் கையில் எடுத்தாலே விளங்கும். மோதிர விரலால் கடைசித் தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கட்டத்தில்) அழுத்தினால் சி மேஜர் என்ற கார்டு, அதாவது சுரக்கூட்டு, வந்துவிடும். ஒரே விரல்! நைலான் தந்தி என்பதால் எஃகுத் தந்தி மாதிரி விரல்நுனியை அறுக்காது. ஏ மைனருக்கும் ஒரு விரல், எஃப்புக்கு இரண்டு, ஜி செவனுக்கு மூன்று. இந்த நாலையும் வைத்துக்கொண்டு எத்தனையோ பழைய பாட்டுகளை ஓட்டிவிடலாம். அந்தப் பாட்டுகள் அறுபது வயதுக்காரருக்கு ஏற்கெனவே மனப்பாடம். பதினாறு வயதுப் பையனுக்கு இல்லாத வசதி இது.

சுலபம் என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் முழுசாக நம்ப வேண்டாம். சிறிய சோப்ரானோவில் ஃப்ரெட்டுகள் நெருக்கமாக இருக்கும். விரல் தடித்தவர்களும் மூட்டுவலிக்காரர்களும் கான்சர்ட் அல்லது டெனார் அளவு வாங்குவது நல்லது. புதுத் தந்தி சில நாள் இளகிக்கொண்டே இருக்கும். ஸ்ருதி போகிறதே, வாத்தியம் மட்டமோ என்று பயந்து திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. இடது கை விரைவில் வழிக்கு வந்துவிடும். சண்டித்தனம் வலது கைக்குத்தான்: வாய் ஒரு தாளத்தில் பாடும், கை இன்னொரு தாளத்தில் இழுக்கும். குழுவில் உட்கார்ந்தால் அதற்கும் வழி இருக்கிறது. ஜி செவன் எட்டவில்லையா, அந்த இரண்டு மாத்திரைக்குத் தந்தியைத் தொடாமல் பாட்டை மட்டும் பாடிக்கொண்டிருந்து, அடுத்த சி வந்ததும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம். பக்கத்து நாற்காலிக்காரரும் பெரும்பாலும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.