வீடு விற்கும் முன் ஒரு சோதனை: ரேடான் வந்த கதை



வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாம் சரிபார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் இருக்கும் காற்றைச் சரிபார்த்ததில்லை. போன வருடம் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் என் மகள் வீட்டை விற்கப்போனபோது, "அப்பா, வாங்குறவங்க ரேடான் டெஸ்ட் கேக்கறாங்க" என்றாள். அதன் பிறகுதான் இந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ரேடான் என்பது மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைவதால் உண்டாகும் கதிரியக்க வாயு. நிறமோ மணமோ கிடையாது. தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் வந்து, ஜன்னல் மூடிய குளிர்நாட்டு வீடுகளில் தங்கிவிடும். புகைபிடிப்பதற்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு இதுவே முக்கியக் காரணம் என்று அங்கே சொல்கிறார்கள்.

சுரங்கத் தொழிலாளர்களைப் பாதிக்கும் விஷயம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1984 டிசம்பரில் அந்த நினைப்பு மாறியது. அதே பென்சில்வேனியாவில், கட்டி முடியும் தறுவாயில் இருந்த லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் வேலை பார்த்தார். கதிரியக்கம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கருவி, அவர் நின்றாலே அலறியது. நிலையமோ இன்னும் மின் உற்பத்தியே தொடங்கவில்லை. கடைசியில் அவர் வீட்டைச் சோதித்தார்கள். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 2,700 பிகோகியூரி! பின்னால் அரசு வைத்த வரம்பு 4 தான். குடும்பமே வீட்டைக் காலி செய்தது. தரைக்கடியில் குழாய் போட்டு வாயுவை வெளியேற்றிய பிறகு, சில மாதங்கள் கழித்து அதே வீட்டுக்குத் திரும்பினார்கள்.

1986-ல் சுற்றுச்சூழல் துறை பொதுமக்களுக்கு வழிகாட்டி வெளியிட்டது. 1988-ல் தனிச் சட்டமே வந்தது. 1993-ல் வீடு வாங்குவோர், விற்போருக்கென்று தனிக் கையேடு வந்தது. சோதனை கட்டாயம் என்று நாடு முழுவதற்கும் சட்டம் இல்லை. ஆனால் பல மாநிலங்களில், விற்பவர் தமக்குத் தெரிந்ததை மறைக்கக்கூடாது.

சோதனை எளிதுதான். கதவு ஜன்னலை 12 மணி நேரம் முன்பே மூடி, கரித்தூள் டப்பாவைக் குறைந்தது 48 மணி நேரம் கீழ்த்தளத்தில் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

மகள் வீட்டில் 7 வந்தது. "ஆறு வருஷம் குழந்தை கீழேதானே அப்பா விளையாடினான்" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. குழாயும் மின்விசிறியும் பொருத்தினார்கள். அளவு 2-க்குக் கீழ் இறங்கியது. வீடும் விலைபோனது.

விற்கும்போது செய்ததைக் குடிவரும்போதே செய்திருக்கலாம். வெளிநாட்டில் வீடு வைத்திருக்கும் பிள்ளைகள் நம் குடியிருப்பிலேயே பலருக்கு உண்டு. அடுத்த முறை போனில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு இதையும் கேளுங்கள்.