எழுதுகோலும் சதுரங்கமும்: ஹோவர்டு ஸ்டாண்டன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியச் சதுரங்கத்தின் தலைநகராகப் பாரிஸே விளங்கியது. அங்குள்ள புகழ்பெற்ற ரெஜான்ஸ் காபி விடுதியில் 1843 நவம்பர், டிசம்பர் மாதங்களில், பிரான்சின் முதன்மை ஆட்டக்காரரான செந்த் அமானை எதிர்த்து 21 ஆட்டங்கள் ஆடி, அவற்றுள் 11இல் வென்று, 6இல் தோற்று, 4ஐச் சமன் செய்த ஆங்கிலேயர் ஹோவர்டு ஸ்டாண்டன் (1810–1874), அந்தத் தலைமையை லண்டனுக்கு மாற்றினார். உலக வாகையர் பட்டத்துக்கான முதல் போட்டி 1886இல்தான் நடைபெற்றது என்பதால், அவருக்குப் பட்டம் ஏதும் கிடைக்கவில்லை. ஆயினும் தம் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரராகவே அவர் மதிக்கப்பட்டார்.

ஆட்டத்தைவிட அவருடைய எழுத்தே நெடுங்காலம் நிலைத்தது. 1841இல் சதுரங்கத்துக்கென ஓர் இதழைத் தொடங்கிய அவர், 1845 முதல் இறக்கும்வரை ‘இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ்’ வார இதழில் சதுரங்கப் பகுதியை எழுதினார். 1847இல் வெளிவந்த அவருடைய கையேடு, ‘திறப்புகள்’ எனப்படும் தொடக்க நகர்த்தல் முறைகளை வகைப்படுத்தி விளக்கி, ஆங்கிலம் அறிந்த ஆட்டக்காரர்களுக்குப் பல்லாண்டுகள் பாடநூலாக இருந்தது. வெள்ளை ஆட்டக்காரர், ராணியின் பக்கத்து மந்திரிக்கு முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டங்கள் நகர்த்தித் தொடங்கும் முறை ‘ஆங்கிலத் திறப்பு’ என்று பெயர் பெற்றதற்கும் அவர் அதனைக் கையாண்டதே காரணம்.

1849இல் நத்தேனியல் குக் பதிவு செய்து, ஜாக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த காய்களுக்குத் தம் பெயரை வழங்கிய ஸ்டாண்டன், தம் இதழ்ப் பகுதியிலும் அவற்றைப் பரிந்துரைத்தார். ஊருக்கொரு வடிவில் காய்கள் வழங்கி, எது மந்திரி, எது ராணி என்று அயலூர் ஆட்டக்காரர் தடுமாறிய காலத்தில், ஒரே பார்வையில் அடையாளம் காணத்தக்க இவ்வடிவம் பெரும் தேவையை நிறைவேற்றியது. இன்றைய பன்னாட்டுப் போட்டிகளிலும் இதுவே வழங்குகிறது.

1851இல் லண்டனில் பெரும் பொருட்காட்சி நடந்தபோது, 16 பேர் கலந்துகொண்ட முதல் பன்னாட்டுச் சதுரங்கப் போட்டியை முன்னின்று நடத்தியவரும் அவரே. ஏற்பாட்டுச் சுமையையும் ஆட்டத்தையும் ஒருசேரத் தாங்கிய அவர், ஜெர்மானியரான ஆண்டர்சனிடம் தோற்று நான்காம் இடத்தையே பெற்றார்.

அவர் மீதான பெரும்பழி, 1858இல் ஐரோப்பாவுக்கு வந்த அமெரிக்க இளைஞர் பால் மார்ஃபியுடன் ஆடாமல் தவிர்த்தார் என்பதாகும். அப்போது ஸ்டாண்டன் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் பதிப்பிக்கும் பணியில் மூழ்கியிருந்தார். 1857 முதல் 1860 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அப்பதிப்பை உரிய காலத்தில் முடித்துக்கொடுக்க வேண்டிய கடமை அவருக்கு இருந்தது. எனவே ஆடாதது குற்றமன்று. இயலாது என்பதைத் தொடக்கத்திலேயே திட்டவட்டமாகக் கூறாமல் மாதக்கணக்கில் நம்பிக்கையளித்ததும், மார்ஃபியைக் குறைத்துக்காட்டத் தம் இதழ்ப் பகுதியைப் பயன்படுத்தியதுமே குற்றம். ஆழ்ந்த உழைப்பால் உருவான அந்த ஷேக்ஸ்பியர் பதிப்பைச் சதுரங்க வரலாற்றாசிரியர் பலர் வெறும் சாக்காகக் கருதி ஒதுக்கியது, அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியேயாகும்.