எஞ்சின் ஸ்டாண்ட் வீட்டுக்கு வந்த கதை

காரிலிருந்து இறக்கிய எஞ்சினைப் பிடித்து நிறுத்தி, வேண்டிய பக்கம் திருப்பி வேலை பார்ப்பதற்கான இரும்புச் சட்டம் எஞ்சின் ஸ்டாண்ட். அமெரிக்காவில் தொடக்கத்தில் அதை வாங்கியவர்களில் கார் விற்பனையாளர்களின் பணிமனைக்காரர்களும் இருந்தார்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி கார்களை ஃபோர்டு தயாரித்தது. அவற்றின் சிலிண்டர் ஹெட் தனியே கழன்று வரும். கரி சுரண்ட எஞ்சினை இறக்க வேண்டாம். கிராங்க் ஷாஃப்ட் பேரிங் அப்படியல்ல. அது பேபிட் உலோகத்தை உருக்கி பிளாக்கிலேயே வார்த்தது. தேய்ந்துவிட்டால் எஞ்சினை இறக்கி, கவிழ்த்து, புதிதாக வார்த்துக் கடைய வேண்டும். பஃபலோ நகரின் கே.ஆர். வில்சன் நிறுவனம் இந்த வேலைக்கான கருவிகளோடு ஸ்டாண்டுகளையும் விற்றது.

1932இல் 65 குதிரைத்திறன் கொண்ட ஃபோர்டு வி8 வந்தது. அந்தத் தலைமுறை எஞ்சின்களில் ஃப்ளைவீலையும் கிளட்சையும் மூடும் கூடான பெல் ஹவுசிங்கின் ஒரு பகுதி பிளாக்கோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருந்ததால், பின்பக்கம் பிடிப்பது தோதுப்படவில்லை. பக்கவாட்டில், எக்ஸாஸ்ட் துளைகள் இருக்கும் இடத்தில் போல்ட் போட்டுப் பிடித்தார்கள். ஃப்ளைவீலையும் கிளட்சையும் ஸ்டாண்டிலேயே பூட்ட முடிந்தது இதில் கிடைத்த லாபம்.

பழைய வி8 கார்கள் மலிவாகக் கைமாறியபோது கலிஃபோர்னியா இளைஞர்கள் அவற்றைப் பிரித்து வேகம் கூட்டத் தொடங்கினார்கள். 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ இதழ் வெளிவந்தபோது இது பெரிய மோகமாகிவிட்டிருந்தது. கொட்டகை விட்டத்தில் செயின் பிளாக், கீழே மரக்கட்டையோ பழைய டயரோ. பலருக்கு ஸ்டாண்ட் அவ்வளவுதான்.

1955இல் ஷெவர்லே 4.3 லிட்டர் வி8 எஞ்சினைக் கொண்டுவந்தது. அதன் பெல் ஹவுசிங் போல்ட் துளைகளின் அமைப்பு பல பத்தாண்டுகள் மாறவில்லை. இன்று வீடுகளில் காணும் ஸ்டாண்ட் இத்தகைய எஞ்சின்களுக்கு ஏற்றது: அந்தத் துளைகளில் போல்ட் போட்டுப் பிடிக்கத் தட்டில் நகரும் நான்கு கைகள், சுழலும் குழாய், அதைப் பூட்ட ஒரு பின். எஞ்சின் முழுவதும் பின்முனையில் மட்டும் பிடிக்கப்பட்டு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். சுமார் 250 கிலோ வார்ப்பிரும்பு தட்டைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். போல்ட் மட்டமானதாகவோ மரையில் போதிய ஆழம் இறங்காமலோ இருந்தால் விபரீதம்தான்.

விலையைக் குறைக்கச் சில ஸ்டாண்டுகளில் முன்பக்கம் ஒரே சக்கரம் வைத்தார்கள். தளத்தில் ஒரு சிறு விரிசலில் அது சிக்கினாலும் ஸ்டாண்ட் பக்கவாட்டில் சாயும். ஆகவே வீட்டுக்காரர்கள் செய்த மாற்றங்களில் முதலில் நிற்பது, முன்னால் குறுக்கே ஒரு சேனல் இரும்பை வெல்டிங் செய்து சக்கரத்தை இரண்டாக்குவது. பெரிய சக்கரம், எண்ணெய் சொட்டும் தட்டு, தூணுக்கு முட்டு எல்லாம் அதற்குப் பின்னர்தான்.

சுழற்சியிலும் ஒரு சிக்கல் உண்டு. எஞ்சினின் எடைமையம் சுழலும் குழாயின் அச்சுக்கு நேராக இல்லாவிட்டால், பின்னை உருவியதும் எஞ்சின் தானே புரளும். திருப்பும் கம்பியைப் பிடித்திருப்பவரின் கை அகப்பட்டுக்கொள்ளும். தட்டின் கைகளை நகர்த்தி எடைமையத்தையும் அச்சையும் முடிந்தவரை ஒன்றாக்குவது பாதித் தீர்வு. வார்ம் கியர் பொருத்தினால் கைப்பிடியைச் சுற்றிய அளவே எஞ்சின் திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும். செலவு பிடித்தாலும் செய்யத் தகுந்த மாற்றம் இதுவே.

1989இல் டாட்ஜ் பிக்கப்புகளில் கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் வந்தது. ஏறத்தாழ அரை டன் எடை, நீளமான ஆறு சிலிண்டர் பிளாக். பின்முனையில் மட்டும் பிடித்தால் தாங்காது என்று கண்டவர்கள் பிளாக்கின் பக்கவாட்டில் பிடிக்கும் தட்டுகளைச் செய்துகொண்டார்கள். பழைய ஃபோர்டு பணிமனை முறை இப்படித் திரும்பி வந்தது. 340 கிலோ தாங்கும் சாதாரண ஸ்டாண்டை இந்த எடைக்காக எவ்வளவு முட்டுக்கொடுத்தாலும் நம்ப முடியாது. இதற்கு 900 கிலோ தாங்கும் நான்கு சக்கர ஸ்டாண்டுதான் சரி.