குப்பை லாரியின் ஆயுள்

கழிவு மேலாண்மை நிறுவனப் பங்கொன்றை மதிப்பிடுகையில், நிகர லாபத்தை நான் முதலில் பார்ப்பதில்லை. தேய்மானக் கணக்கையே புரட்டுகிறேன். அமெரிக்காவின் வேஸ்ட் மேனேஜ்மென்ட் நிறுவனம் தந்த பாடம் அது. குப்பை லாரிகளின் ஆயுளை ஏட்டில் நீட்டியும், பழைய லாரிக்குக் கிடைக்கக்கூடிய விலையைக் கூட்டிக் காட்டியும், கிடங்குகள் நிரம்ப நிரம்பக் குறையும் மதிப்பைச் செலவில் எழுதாமலும் அந்நிறுவனம் லாபத்தை ஊதிப் பெருக்கியது. 1992 முதல் 1997 வரை வரிக்கு முந்தைய லாபத்தில் 170 கோடி டாலர் மிகையென 1998இல் ஒப்புக்கொண்டது. தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் 2001இல், என்ரான் வீழ்ச்சிக்குச் சில மாதங்கள் முன்பு, 70 லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

லாரியைவிட எனக்கு அச்சம் தருவது கிடங்கு. மூடிய பின்னும் கசிவுநீரையும் மீத்தேனையும் பொதுவாக 30 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதற்கான ஒதுக்கீடு மெலிந்திருந்தால், பங்கு எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் நான் வாங்குவதில்லை.