கோபர்க் நகரச் சின்னத்தில் ஒரு கறுப்பு முகம்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் கோபர்க் என்றொரு நகரம் உண்டு. அதன் சின்னத்தை முதன்முறை காண்போர் வியப்படைவர். பொன்னிறக் கேடயத்தில், காதில் வளையம் அணிந்த ஓர் ஆப்பிரிக்கரின் தலை!

அவர்தாம் புனித மொரீசியஸ். நகரின் காவல் புனிதர். எகிப்தின் தீப்ஸ் பகுதியைச் சேர்ந்த உரோமப் படையணியின் தலைவர் என்றும், மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், கிறித்துவர்களைத் துன்புறுத்த மறுத்தமையால் தம் வீரர்களோடு கொல்லப்பட்டார் என்றும் மரபு கூறுகிறது. மக்டபர்க் பேராலயத்திலுள்ள 13ஆம் நூற்றாண்டுச் சிலையும் அவரைக் கவசமணிந்த ஆப்பிரிக்க வீரராகவே காட்டுகிறது. ஆணைக்கு அடிபணிய மறுத்த ஒரு படைத்தலைவரைத் தன் அடையாளமாக வைத்திருந்த ஊர் இது என்பதை நினைவிற் கொள்க.

ஏனெனில், 1929இல் நாஜிக் கட்சி நகரமன்றப் பெரும்பான்மையை முதன்முதலில் பெற்ற ஜெர்மானிய நகரமும் இதுவே. 1934இல் கறுப்பு முகம் அகற்றப்பட்டது. அவ்விடத்தில் ஒரு வாள். அதன் பிடியின் நுனியில் சுவஸ்திகா. 1945இல் போர் முடிந்ததும் மொரீசியஸ் திரும்பினார்.

கதை அத்துடன் முடியவில்லை. தடித்த உதடும் காது வளையமுமாக வரைந்திருப்பது ஆப்பிரிக்கரை இழிவுபடுத்துகிறது என்று கூறி, சின்னத்தை மாற்றக் கோரும் குரல் 2020இல் எழுந்தது. நாஜிகள் நீக்கிய முகத்தை மீண்டும் நீக்குவதா என்றனர் மறுதரப்பினர். வரைந்த முறையைப் பற்றிய குறையை என்னால் எளிதில் ஒதுக்க இயலவில்லை. ஆயினும், முகத்தை அகற்றுவதைவிட மக்டபர்க் சிலையைப் போல் மாண்போடு வரைவதே தக்கது என்பேன். நகரம் பழைய சின்னத்தையே வைத்துக்கொண்டது. தெருவிலுள்ள பாதாளச் சாக்கடை மூடிகளிலும் அம்முகமே பொறிக்கப்பட்டுள்ளது.